ஐந்தாம் திரை

ஒரு தட்டின் படம் வந்திருக்கிறது,
பிரான்சில் நெவேர் என்கிற ஊர்த் தட்டு,
மூன்று வயதுக் குழந்தைகளின் இரவுச் சட்டையில் அச்சடிக்க.
அறுபதாயிரம் உருப்படி.
வியாழக்கிழமை மாதிரி போயாக வேண்டும்.

தட்டு முழுக்கக் கடல்.
இடுப்புக்குக் கீழே மீனான ஒருவன்
கன்னம் உப்பச் சங்கு ஊதுகிறான்.
விளிம்பில் குண்டுக் குழந்தைகள், கொடி, ஒரு வாத்து.
வாத்துக்கு அங்கே என்ன வேலையோ.

வரைந்தவன் கடலைப் பார்த்தவனில்லை.
அலைகளைத் தலைமயிர் மாதிரி சுருட்டியிருக்கிறான்.
தேடிப் பார்த்தேன். அந்த ஊரில் ஓடுவது ஆறுதான்.
இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த சூளைக்காரர்கள்
மூட்டையில் கட்டிவந்த காகிதப் படத்தில்
கடல் இருந்திருக்கும்.
அதைப் பார்த்து இவன்,
இவனைப் பார்த்து நான்,
திருப்பூர், காங்கேயம் ரோடு, மூன்றாம் மாடியில்
கம்ப்யூட்டர் முன்னால்
கடலை நான்கு நிறமாகப் பிரிக்கிறேன்.

அடர்நீலம், இளநீலம், மஞ்சள், கத்தரிப்பூ.
சிவப்பு கிடையாது.
அந்தச் சூளைச் சூட்டில் சிவப்பு நிற்காதாம்.

வெள்ளை எனக்குத் துணியிலேயே கிடைக்கிறது.
அவர்களுக்கு அது வெள்ளீயம்.
பழுப்பு மண்ணை ஒருமுறை சுட்டு
ஈயப் பாலில் முக்கி எடுப்பார்கள்.
மாவாய்ப் படிந்த அந்தப் பூச்சின்மேல்
தூரிகை தொட்டால் தொட்டதுதான்,
வறண்ட காடு முதல் மழையைக் குடிப்பதுபோல
உள்ளே இழுத்துக்கொள்ளும்.
வாத்து கோணினால் கோணல் வாத்து.
என் இடது சுண்டுவிரலோ
கன்ட்ரோல் பொத்தானைவிட்டு இறங்கியதே இல்லை.

ஃபையான்ஸ் என்கிறார்கள் இந்தப் பாண்டத்தை.
ஃபயென்சா என்பது இத்தாலியில் ஓர் ஊர்.
எந்தத் தறியில் ஓடினாலும்
பவானி ஜமக்காளம் என்று விற்பதில்லையா,
அப்படித்தான்.

மேஜையில் அச்சு இழுப்பவர் நிராகார் பெஹரா.
கேந்திரபாடா, ஒடிசா.
சம்பளப் புத்தகத்தில் நிராகரன்,
கூப்பிட நீரு.
மானிட்டரில் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்:
"அலை இப்படிச் சுருளாதுங்கக்கா. ஒடையும்.
எங்க வீட்டை ரெண்டுதரம் ஒடச்சுருக்குது."
பிறகு டீ வந்தது.

தட்டில் ஒரு விரிசல் இருந்தது.
சங்கில் தொடங்கிக் கழுத்தை வெட்டி
வாத்துவரை.
நாற்பது நிமிடம் உட்கார்ந்து அதைத் துடைத்தேன்.
முந்நூற்றெண்பது வருடத் தட்டு
கல்யாணத்துக்கு வாங்கிய எவர்சில்வர் மாதிரி ஆகிவிட்டது.

புதன் காலை மெயில்.
எல்லாம் அழகு. விரிசல் எங்கே?

"ஏனுங்க, குழந்தைத் துணியில எவனாச்சும் விரிசல் கேப்பானா?
இன்னொரு ஸ்கிரீன் ஏறுனா
பீசுக்கு ஒண்ணே முக்கால் ரூவாயிங்க"
கோகிலவாணி தலையில் கை வைத்தாள்.
ஆனாலும் ஏற்றினோம்.

துடைத்ததைத் திரும்ப வரைவது கஷ்டம்.
உடையும்போது தட்டு யோசிக்கவில்லை,
நான் யோசித்தேன்.
மூன்று விரிசல் வரைந்து
மூன்றும் கிளை ரோடுபோல இருந்தது.
நான்காவதைக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்,
கன்ட்ரோலைத் தொடவில்லை.

நிறம்தான் சிக்கல்.
பூச்சு பெயர்ந்த இடத்தில் தெரிகிற மண்:
மஞ்சளுமில்லை, சந்தனமுமில்லை.
ஷேட் புத்தகத்தின் ஏடெல்லாம் புரட்டிப்பார்த்துவிட்டு
நீரு டப்பாவைத் திறந்தார்.
வெள்ளை இரண்டு கரண்டி, மஞ்சள் அரை,
கடைசியில் குச்சி முனையில்
சொட்டுச் சிவப்பு.
கலக்கினார். அதேதான்.

ரப்பர் ஒருமுறை போய் ஒருமுறை வந்தது.
கடலின் குறுக்கே ஈரமாய்,
அரை மில்லி நகர்ந்து விழுந்தது ஐந்தாவது நிறம்.
மீன்காரன் கழுத்து தப்பித்தது,
தோளில் வாங்கிக்கொண்டான்.

ஐந்து துவையல், வெயில், வியர்வை,
எல்லாம் பார்த்து
சனிக்கிழமை லேபிலிருந்து சீட்டு வந்தது.
சாயம் நிற்பதற்கு ஐந்துக்கு மதிப்பெண்:
கடல் நான்கு,
விரிசல் நாலரை.